கர்ணனுக்கு என்ன தெரியும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் கர்ணனுக்கு இருக்கிற ஆதரவு அர்ஜுனனுக்குக் கிடையாது. நான் இருக்கும் செராஸில் கார்களின் பின்கண்ணாடியில் அவன் பெயரைப் பார்க்கலாம். வாட்சாப் ஸ்டேட்டஸில் மாதம் ஒருமுறையாவது சிவாஜி அம்பு பாய்ந்து சாய்ந்து கிடப்பார், பின்னால் சீர்காழியின் குரல் கேட்கும். ஜிம்முக்குப் போகிற பையன்கள் தோளில் சூரியனைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். அர்ஜுனன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதோடு சரி.

ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். என்னோடு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த நண்பன் ஒருவன் தாமான் கொனாட் மாமாக் கடையில் உட்கார்ந்து சொன்னான்: "தெறம இருந்துச்சு, பொறப்பு சரியில்லன்னு ஒதுக்கிட்டாங்க. கர்ணனுக்கு நடந்ததுதான்டா நமக்கும்." அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த மாதம்தான் வேறொருவருக்குப் போயிருந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. அரங்கேற்றத்தில் கிருபர் எழுந்து அப்பன் யார், குலம் எது என்று கேட்டதும் கர்ணன் தலை குனிகிறானே, அந்த இடம் நமக்கு உடனே புரியும். அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ஏ/எல் போட்டு அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறவர்கள் நாம். பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் வருஷக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்களைத் தெரிந்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

ஆனால் இப்படிப் படிக்கும்போது கர்ணனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுக்கு நடந்ததை மட்டும் எண்ணுகிறோம். அவன் செய்தது கணக்கில் வருவதில்லை. தான் செய்ததைப் பற்றி அவனுக்கே என்ன தெரியும் என்ற கேள்வியும் அதோடு போய்விடுகிறது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அவன் பாவப்பட்ட மனிதன்தான், துன்பியல் நாயகன் இல்லை.

நம் தலைமுறைக்குக் கர்ணன் கிடைத்தது மேடையிலிருந்து இல்லை. பி. ஆர். பந்துலு எடுத்த 1964ஆம் வருஷத்துப் படத்திலிருந்து. 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள், அதன் பிறகுதான் என் வயதுக்காரர்கள் பலர் முழுசாகப் பார்த்தோம். அந்தப் படத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதில் ஒரு வேலை நடந்திருக்கிறது, கவனியுங்கள். கர்ணனின் மனைவி சுபாங்கி, தேவிகா நடித்தது. அவள் அவனை உயிராக நேசிக்கிறாள். குலம் சொல்லி அவமானப்படுத்துகிறவர் மாமனார். அதாவது இழிவு முழுக்க வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் கர்ணனுக்கு நிம்மதி.

கூத்தில் அப்படி ஒரு கதவு அவனுக்கு இல்லை.

வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் (காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து என்பார்கள்) அதிகம் ஆடப்படுகிறவற்றில் 'கர்ண மோட்சம்' ஒன்று. பதினேழாம் நாள் போருக்குக் கர்ணன் கிளம்புவதும் சாவதும்தான் கதை. சேராஸில் கூத்து வந்து இறங்கப்போவதில்லை, ஆகவே நான் பார்த்ததெல்லாம் இணையத்தில் கிடைக்கும் ஒளிப்பதிவுகள்தான். ஆடுகளத்துக்கு நடுவில் கேமராவை நட்டுவைத்துவிட்டு யாரோ டீ குடிக்கப் போய்விட்டது போன்ற பதிவுகள், முகவீணை காதைக் கிழிக்கும். இரண்டு மூன்று இரவுகள் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஜமாவுக்கு ஜமா வசனம் மாறும், நீளமும் மாறும். ஆனால் ஒரு காட்சியை யாரும் விடுவதில்லை. பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் காட்சி.

கூத்தின் கர்ணனுக்கு மனைவி பொன்னுருவி. ராஜகுமாரி. தேரோட்டி மகனுக்குத் தன்னைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்ற எரிச்சல் அவளுக்குக் கல்யாண நாளிலிருந்தே இருக்கிறது. நாளைக்குச் சாகப்போகிறோம் என்று தெரிந்து விடைபெற வருகிற புருஷனை அவள் வரவேற்பதில்லை. குலத்தைச் சொல்லிக் குத்துகிறாள். புஜக்கட்டையும் கிரீடமும் மார்புப் பதக்கமுமாக, மின்விளக்கில் ஜொலிக்கிற அவ்வளவு பெரிய வேஷம், ஒரு பெண் வேஷத்துக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்கும். கட்டியங்காரன் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். கூட்டம் சிரிக்கும். சிரித்த வாய் மூடுவதற்குள் அடுத்த பாட்டு.

இந்த நேரத்தில் கர்ணனுக்குத் தான் யார் என்று தெரியும். குந்தி வந்து சொல்லிவிட்டுப் போயாயிற்று. நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடாதே, அர்ஜுனனைத் தவிர மற்ற பிள்ளைகளைக் கொல்லாதே என்று இரண்டு வரமும் வாங்கிக்கொண்டு போயாயிற்று. தமிழில் வில்லிபுத்தூரார் வழியாக நமக்கு வந்த கதை இது. ஆக, பொன்னுருவி எதைச் சொல்லிக் குத்துகிறாளோ அது உண்மை இல்லை என்று அவனுக்கு மட்டும் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் காலில் விழுவாள். நான் பார்த்த பதிவில் அந்த வாக்கியத்துக்கு வந்து சேர அவனுக்கு வெகு நேரம் பிடிக்கிறது. கடைசியில் சொல்கிறான். அவள் உடைந்துபோகிறாள், போருக்குப் போகாதே என்று கதறுகிறாள். அவன் போகிறான்.

இந்த இடத்தில் எனக்குக் கிரேக்க நாடகம் ஒன்று நினைவுக்கு வருகிறது, சொபோக்ளிஸின் ஈடிப்பஸ். ஒப்பிடுவதற்கு நிறைய இருக்கிறது. அவனும் பிறந்ததும் கைவிடப்பட்டவன். அவனையும் வேறொரு வீடு எடுத்து வளர்த்தது. அவனுடைய பிறப்பு ரகசியமும் தாமதமாகத்தான் உடைகிறது. அரிஸ்டாட்டில் இந்த நாடகத்தைத் தூக்கி வைத்துப் பேசுவதற்குக் காரணம், ஈடிப்பஸ் உண்மையைக் கண்டறிகிற கணமும் அவன் வாழ்க்கை தலைகீழாகிற கணமும் ஒன்றாகவே வருவதுதான். கொரிந்திலிருந்து வந்த தூதுவன் நல்ல சேதி என்று நினைத்து வாயைத் திறக்கிறான், அதோடு எல்லாம் முடிந்தது. ஈடிப்பஸ் கண்களைக் குத்திக்கொள்கிறான்.

கர்ணனிடம் இந்த இரண்டும் ஒன்றாக வருவதில்லை. அவனுக்குத் தெரிகிறது, ஆனால் எதுவும் மாறுவதில்லை. நேற்று எந்தப் பக்கம் நின்றானோ இன்றும் அந்தப் பக்கமே நிற்கிறான். நான் செய்கிற வேலையில் ஒரு இயந்திரம் பழுதானால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூலகாரணம் எழுதச் சொல்வார்கள். காரணம் தெரிந்தால் அடுத்த தடவை திருத்திவிடலாம் என்பது அதன் நம்பிக்கை. துன்பம் பாடம் கற்றுத்தரும் என்று சொல்கிற எல்லோரும் அதே நம்பிக்கையில்தான் பேசுகிறார்கள். கர்ணன் அதற்கு ஒத்துவர மாட்டான். திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே அவனுக்கு எல்லாம் சொல்லப்படுகிறது.

வியாசரில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. தூது தோற்றுத் திரும்பும்போது கிருஷ்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய் உண்மையைச் சொல்கிறான். நீதான் மூத்தவன், வா, ராஜ்யம் உனக்கு, ஆறாவது முறை வரும்போது திரௌபதியும் உன்னிடம் வருவாள் என்கிறான். கர்ணன் மறுக்கிறான். ராதை எனக்குப் பால் கொடுத்தவள், அதிரதன் எனக்குப் பெயர் வைத்தவன், துரியோதனன் என்னை நம்பி இந்தப் போரில் இறங்கினான் என்கிறான். இதுவரை நமக்குப் பிடித்த கர்ணன். அதே பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை. துரியோதனனைச் சந்தோஷப்படுத்த நான் பாண்டவர்களைப் பற்றிப் பேசிய கொடிய வார்த்தைகளை நினைத்து இப்போது வேகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம். பிறகு, தாங்கள் தோற்கப்போகிறோம் என்றும் தெளிவாகச் சொல்கிறான். இந்த ரகசியத்தைத் தருமனிடம் சொல்லாதே, தெரிந்தால் அவன் ராஜ்யத்தை என்னிடம் கொடுப்பான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன் என்கிறான்.

கடைசியில் சொன்னானே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தருமன் கையில் இருந்தால்தான் நாடு நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தெரிகிறது. தன் கைக்கு வந்தால் தான் என்ன செய்வோம் என்பதும் தெரிகிறது. தன்னைத் தன்னிடமிருந்தே காப்பாற்றச் சொல்லி எதிரியின் தூதனிடம் கேட்கிறான். தன்னைப் பற்றி இவ்வளவு சுத்தமாக அறிந்த பாத்திரம் நம் கதைகளில் எத்தனை இருக்கிறது?

அந்தக் கொடிய வார்த்தைகள் எவை? சூதாட்டச் சபையில் பேசியவை. விகர்ணன் ஒருவன் எழுந்து திரௌபதிக்காக நியாயம் பேசுகிறான். அவனை அடக்கி உட்கார வைக்கிறவன் கர்ணன். ஐந்து பேரை மணந்தவளைப் பொதுமகள் என்கிறான். அவள் உடையைக் களையச் சொல்வதும் அவன்தான். பிறப்பைச் சொல்லி ஒருவரைச் சபை நடுவே கூனவைப்பது எப்படி இருக்கும் என்று அந்தச் சபையிலேயே அதிகமாகத் தெரிந்தவன் அவன். அவமானம் அவனுக்கு எதையாவது கற்றுக்கொடுத்திருந்தால் அது அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொடுத்தது வேறு ஒன்று: எங்கே அடித்தால் வலிக்கும் என்று.

இப்போது ஈடிப்பஸிடம் திரும்பப் போகிறேன், ஏனென்றால் இரண்டு பேரும் பிரிகிற இடம் இதுதான். ஈடிப்பஸ் வழியில் ஒரு கிழவனைக் கொல்கிறான், ஒரு விதவையை மணக்கிறான். அது அப்பா, இது அம்மா என்று தெரிந்த பிறகுதான் அவை தாங்கமுடியாத பாவமாகின்றன. சொபோக்ளிஸ் கிழவயதில் எழுதி, அவர் இறந்த பிறகு கிமு 401இல் மேடையேறிய 'கொலோனஸில் ஈடிப்பஸ்' நாடகத்தில், அறியாமல் செய்தேன், நான் குற்றவாளி இல்லை என்று அதே ஈடிப்பஸ் வாதாடுகிறான். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. கர்ணன் விஷயத்தில் குந்தி சொன்ன பிறகு சபையில் நின்ற பெண் அவனுக்குத் தம்பிகளின் மனைவி ஆகிறாள், உண்மைதான். ஆனால் அவள் யாராக இருந்தாலும் அது அநியாயம்தான். அறியாமல் செய்தேன் என்று அவனால் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. பிறப்பு ரகசியம் அவனுக்கு ஒரு சாக்கைக் கொடுக்க வந்தது, அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

பிறப்பைத் தெரிந்துகொள்வதும் தன்னைத் தெரிந்துகொள்வதும் இரண்டு வேறு காரியங்கள். முதலாவது சேதி, யாராவது வந்து சொன்னால் போதும். இரண்டாவதை யாரும் வந்து சொல்ல முடியாது. நம் கர்ண பக்தியில் முதலாவதற்குத்தான் கண்ணீர்.

இதற்குக் கூத்தைக் குறை சொல்லலாமா? கர்ண மோட்சத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் சொல்லத் தோன்றும். அதில் சபை வருவதில்லை, அழுகைதான் நிறைய. தொல்காப்பியம் அழுகைக்குக் காரணங்களாக நான்கைச் சொல்கிறது: இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து சரிவது, வறுமை. நான்கும் ஒருவனுக்கு நேர்கிறவை. தான் செய்ததை நினைத்து அழுவதற்கு அந்தப் பட்டியலில் தனியாக இடம் இல்லை (உரைகாரர்கள் இழுத்துப் பிடித்து எங்காவது நுழைத்துவிடலாம், அது அவர்கள் சாமர்த்தியம்). கர்ண மோட்சத்தின் கண்ணீரும் அந்த நான்குக்குள்தான் ஓடுகிறது என்று ஒருவர் வாதாடலாம்.

ஆனால் கர்ண மோட்சம் தனி நாடகமாகப் பிறந்தது இல்லை. திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவுக்கு இரவு கூத்து நடக்கும். வில் வளைப்பு ஒரு இரவு, துகில் ஒரு இரவு, அர்ஜுனன் தபசு ஒரு இரவு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், அப்புறம்தான் கர்ண மோட்சம். துகில் இரவில் துரியோதனன் சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் கர்ணனும் ஒருவன். அதைப் பார்த்துத் திட்டிய அதே ஊர்தான் சில இரவுகள் கழித்து அவன் சாவுக்கு அழுகிறது. கோவிலும் யாருடைய கோவில் என்று பாருங்கள். எந்தப் பெண்ணை அவன் அப்படிப் பேசினானோ அவள்தான் அங்கே சாமி. அவளுக்காகத்தான் தீ மிதிக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலில் நடக்கும் தீமிதியும் திரௌபதிக்கு உரியதுதான். கர்ணன் தன் கதையைச் சொல்லி அழுவது அவள் வாசலில்.

ஆகவே பார்வையாளன் இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்றுதான் அந்த வரிசை இருக்கிறது. அதைப் பிரித்து, இரண்டு மணி நேர அரங்க நிகழ்ச்சியாகவோ என்னைப் போல மடிக்கணினியில் துண்டு காட்சியாகவோ பார்க்கும்போது துகில் இரவு கழன்று விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது பாதிக்கப்பட்ட கர்ணன். சினிமா அவனை எடுத்துக்கொண்டது. 'தளபதி' (1991) அவனுக்கு அம்மாவையும் கொடுத்து உயிரையும் மிச்சம் வைத்தது. மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) வேறு ஜாதி, அங்கே ஒரு ஊரே கர்ணனாக நிற்கிறது, கொடையும் இல்லை தனிமையும் இல்லை. அதில் அவன் காதலியின் பெயர் திரௌபதை. யோசித்து வைத்ததா, சும்மா அமைந்ததா தெரியாது, பழைய கணக்கைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும்.

கூத்தின் உள்ளேயும் ஒன்று இருக்கிறது. கூத்தில் பெரிய வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வரும். வரும்போதே தான் யார், எந்த நாட்டு அரசன், என்ன பெருமை என்று தன்னைப் பற்றித் தானே, யாரோ மூன்றாம் மனிதனைச் சொல்வதைப்போலப் பாடிக்கொண்டு வரும். கட்டியங்காரன் கேள்வி கேட்டு அதைப் பேச்சில் இன்னொரு தடவை வாங்குவான். மற்ற வேஷங்களுக்கு இது சடங்கு. கர்ணனுக்கு மட்டும் இது பரீட்சை. அங்க தேசத்து ராஜா என்கிறான், அது துரியோதனன் கொடுத்தது. தேரோட்டி மகன் என்றால் பாதி உண்மை. குந்தி மகன் என்று சொல்ல அவனுக்கு மனசில்லை. தான் உயிரோடு இருக்கிறவரை வெளியே சொல்லாதே, செத்து விழுந்ததும் மடியில் போட்டு ஊருக்குச் சொல் என்று குந்தியிடம் கேட்டு வாங்கியவனே அவன்தான். கிருபர் அரங்கேற்றத்தில் கேட்ட கேள்வியைத்தான் கட்டியங்காரன் சிரிப்போடு மறுபடி கேட்கிறான். இந்தத் தடவை கர்ணனுக்கு விடை தெரியும். தெரிந்தும் பழைய பதிலையே சொல்கிறான்.

என் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். தே தாரிக் ஆறிப்போகும்வரை கேட்டான். "அப்ப கர்ணன் கெட்டவனா?" என்றான். இல்லை, நம்மைவிட அவனுக்குத் தன்னைப் பற்றி அதிகம் தெரியும் என்றேன். "அதெல்லாம் பேச்சு லா, பதவி உயர்வு எனக்குத்தான் வந்திருக்கணும்," என்றான். அதுவும் சரிதான். அநியாயம் நடந்தது என்பதை நான் மறுக்கவே இல்லை. அவனுக்குக் கீழே வேலை செய்கிற வங்காளதேசத்துப் பையன்களை அவன் எப்படிக் கூப்பிடுவான் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு அதைப் பேசுகிற நேரமாகப் படவில்லை.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். தேர்ச் சக்கரம் புதைந்து, உடம்பெல்லாம் அம்பாகக் கர்ணன் கிடக்கிறான். செய்த தருமம் அவனைச் சாகவிடாமல் காக்கிறது. கிருஷ்ணன் கிழப் பிராமண வேஷத்தில் வந்து அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானம் கேட்கிறான். கர்ணன் ரத்தத்தில் தாரை வார்த்துக் கொடுக்கிறான். வழக்கமாக இதைக் கொடையின் உச்சம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சினிமாவில் அந்த இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் கேட்டவன் புண்ணியத்தை மட்டும்தான் கேட்டான். வாழ்நாள் முழுக்க அள்ளிக் கொடுத்ததெல்லாம் அந்தக் கையோடு போய்விட்டது. கவசம் முன்பே போயிற்று, குண்டலம் போயிற்று, நாகாஸ்திரத்தின் இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. கொடுக்கக் கொடுக்கக் குறைந்துவந்த மனிதனிடம் இப்போது மிச்சம் இருப்பது யாரும் கேட்காத ஒன்று. சபையில் பேசிய வார்த்தைகளை யாரும் தானமாகக் கேட்பதில்லை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவன் சாகிறான், அந்த நிலையில் அவனுக்குக் கிடைப்பதற்குத்தான் கூத்து மோட்சம் என்று பெயர் வைத்திருக்கிறது. அப்புறம் குந்தி ஓடிவந்து மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அழுகிறாள். கூட்டத்தில் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறவர்களைப் பதிவில் பார்க்கலாம், கேமரா ஒரு தடவை தற்செயலாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

அதற்கடுத்து வருவது பதினெட்டாம் போர். அது முடிந்து விடிந்ததும் களிமண்ணில் செய்து கிடத்திய துரியோதனன் முன்னால் படுகளம். திரௌபதி கூந்தலை முடிப்பது அங்கேதான். கர்ணனுக்காக அழுத அதே ஊர் அதைப் பார்க்கவும் விடியற்காலையில் வந்து நிற்கும்.